சத்தம் இல்லாத இயந்திரம் வேலை செய்யுமா?

2024 ஒக்டோபர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் எனது பெரியம்மாவின் மகனிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவர் தச்சுவேலை செய்பவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். வழமையாக வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் சுகத்தையும் விசாரித்த பிறகே விடயத்துக்கு வரும் அண்ணர் அன்று எடுத்த எடுப்பிலேயே, "தம்பி, வெள்ளவத்தை வேலையை நிப்பாட்டிப் போட்டினம். கொம்பிரசர் சத்தமாம். நீ ஒருக்கா வந்து கதைச்சுப் பார்" என்றார்.

பத்திரிகையாளன் போய்க் கதைத்தால் எந்தக் கதவும் திறக்கும் என்ற நம்பிக்கை எமது உறவினர்கள் மத்தியில் இன்னமும் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை முப்பது வருடங்களாக இத்தொழிலில் இருக்கும் நான் நன்கு அறிவேன். ஆனாலும் அண்ணர் கேட்டால் மறுப்பதற்கில்லை. அன்று மாலையே வெள்ளவத்தைக்குப் போனேன்.

கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் உள்ள தொடர்மாடிக் கட்டடம் அது. நான்காம் மாடியில் ஒரு வீட்டுக்குச் சமையலறை அலுமாரிகளும் இரண்டு அறைகளுக்கு உடுப்பு அலுமாரிகளும் செய்து பொருத்துவது அண்ணரின் ஒப்பந்தம். அந்த வேலையைச் சரியாக முடித்தால் அதே கட்டடத்தில் மேலும் இரண்டு வீடுகள் கிடைக்கும் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். பொருளாதார நெருக்கடி உச்சமடைந்த 2022ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் கட்டட வேலைகள் முடங்கிப்போனதால் அண்ணர் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. எனவே அந்த மூன்று வீடுகளும் அவருக்கு எவ்வளவு முக்கியமானவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முறைப்பாடு செய்தவர்கள் மீதும் குற்றம் காண முடியவில்லை. மேல்மாடியில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி. கீழ்மாடியில் இருதய சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்து படுத்திருக்கும் முதியவர் ஒருவர். கட்டடத்தின் முகாமைத்துவக் குழுச் செயலாளர் மிகவும் மரியாதையாகவே பேசினார். "வேலை செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த இயந்திரத்தை மட்டும் இனி மேலே கொண்டுவர வேண்டாம்" என்றார். எமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் நடைமுறையில் இருக்கின்றன. மாநகர, நகர சபைப் பகுதிகளில் பகல் நேரத்துக்கு அவை வகுத்திருக்கும் பொதுவான எல்லை 63 டெசிபல். நிர்மாண வேலைகளுக்கு எல்லை இதைவிடக் கூடியது என்பதை எடுத்துக்காட்டி வாதாடிப் பார்த்திருக்கலாம். ஆனால் நோயாளியின் தலைமாட்டில் நின்று ஒழுங்குவிதி பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அண்ணரின் இயந்திரத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். வாகனங்களுக்குக் காற்று அடிக்கும் கடைகளில் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய அதே வகையின் சிறிய வடிவம். மோட்டார் ஒன்று காற்றை அமுக்கித் தாங்கிக்குள் அடைக்கும். அந்தக் காற்று குழாய் வழியாகப் போய் ஆணி அடிக்கும் கன்னை இயக்கும். 2 குதிரைவலு, 24 லீற்றர் தாங்கி, எண்ணெய் விட்டு ஓட்டும் ரகம். பழையதாக வாங்கி ஏழு வருடங்கள் பாவித்தது. கைத்தொலைபேசியில் ஒலியை அளக்கும் செயலி துல்லியமானது அல்ல என்றாலும் ஓரளவுக்குக் கணக்குச் சொல்லும். ஒரு மீற்றர் தூரத்தில் அது 88 டெசிபலைக் காட்டியது. பூச்சு முடிந்த வெறுமையான அறையில் அந்த இரைச்சல் சுவருக்குச் சுவர் மோதிப் பெருகியது. தரை அதிர்ந்தது. அந்த அதிர்வே கொங்கிரீட் வழியாகக் கீழ்வீட்டு முதியவரின் கட்டில் வரை போயிருக்க வேண்டும்.

நிறை 25 கிலோவுக்குச் சற்று அதிகம். கட்டடத்தின் லிப்ட்டில் வேலைச் சாமான்கள் ஏற்ற அனுமதி இல்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் காலையில் நான்கு மாடி ஏற்றி, மாலையில் நான்கு மாடி இறக்க வேண்டும். இரவில் அதை அங்கே விட்டுவர அண்ணருக்கு மனம் ஒப்பவில்லை. உதவிக்கு நிற்கும் மருமகனுக்கு இருபது வயது, அவன் தூக்குவான். ஆனால் அவன் வராத நாட்களில் அண்ணரே தூக்குகிறார். இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு படியேறும் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, செயலாளரிடம் கதைப்பதை விட்டு இயந்திரத்தை மாற்றுவதே வழி என்று தீர்மானித்தேன்.

"சுத்தியலாலை அடிச்சு முடிக்கிறன், விடு" என்றார் அண்ணர். அவரால் அது முடியும். யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத தொண்ணூறுகளில் சீவுளியாலும் உளியாலும் தொழில் பழகிய கை அது. முதிரையிலும் பாலையிலும் கதவு நிலை செய்தவர்களுக்கு ஆணித் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இன்றைய வேலை வேறு. எம்.டி.எப். பலகையின் ஓரத்தில் பீடிங் அடிக்கும்போது சுத்தியலால் அடித்தால் பலகை வெடிக்கும். மேற்பூச்சில் தழும்பு விழும். ஒரு கையால் பீடிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒரு நொடியில் அடித்துவிட்டுப் போவதற்கு கன்தான் வேண்டும். மின்கலத்தில் ஓடும் கன்களும் இப்போது வருகின்றன. அவற்றுக்குக் கொம்பிரசரே தேவையில்லை. ஆனால் காற்றில் இயங்கும் சிறிய கன் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ என்றால் மின்கலக் கன் அதன் இரண்டு மடங்குக்கு மேல் நிறை. தலைக்கு மேலே கையை உயர்த்தி நாள் முழுவதும் அடிப்பவருக்கு அது சாதாரண வித்தியாசம் அல்ல. விலையும் எட்டவில்லை.

இரண்டு நாட்கள் அலுவலகத்தில் ஓய்வு கிடைத்த நேரமெல்லாம் கொம்பிரசர்களைப் பற்றியே வாசித்தேன். மூன்றாம் நாள் இருவரும் கொழும்பு பழைய சோனகத் தெருவுக்குப் போனோம். இரும்புச் சாமான்களும் தொழிற்கருவிகளும் விற்கும் கடைகள் இரு மருங்கும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெரு அது.

எனது தவறு முதலாவது கடையிலேயே நடந்தது. பாரம் குறைவாக இருக்க வேண்டும், சத்தம் குறைவாக இருக்க வேண்டும் என்ற இரண்டு விடயங்களை மட்டுமே நான் மனதில் வைத்திருந்தேன். கடைக்காரர் கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்து வைத்தார். ஆறு கிலோவும் இருக்காது. தாங்கியே இல்லை. பெட்டியில் "சைலன்ட்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. நான் பணப்பையை எடுக்கத் தயாராகிவிட்டேன். அண்ணர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காத்தை எங்கை வைக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். அது ரயருக்குக் காற்று அடிக்கவும் தூசி ஊதவும் உகந்தது. ஆணி அடிக்கும் கன்னுக்கு ஒரு கணத்தில் ஒரு குறித்த அளவு காற்று முழு அழுத்தத்துடன் பாய வேண்டும். அதற்குக் காற்றை முன்கூட்டியே சேமித்து வைக்கும் தாங்கி அவசியம். இரண்டு நாட்கள் வாசித்த எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் கடையில் நின்றபோது பெட்டியில் அச்சிட்டிருந்த ஒரு சொல் என் கண்ணை மறைத்துவிட்டது. மற்றவர்களின் தலைப்புகளைத் திருத்துவதே தொழிலாகக் கொண்டவன் ஒரு தலைப்பை நம்பி ஏமாறவிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன் பிறகு வீதியோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அண்ணர் பாவிப்பது 18 கேஜ் மெல்லிய ஆணி. அந்தக் கன் 4 முதல் 7 பார் வரையான அழுத்தத்தில், அதாவது 60 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை, வேலை செய்யும். ஓர் ஆணிக்கு வேண்டிய காற்று, தாங்கிக்கு வெளியே உள்ள சாதாரண காற்றின் அளவில் சொன்னால், ஒரு லீற்றருக்கும் குறைவு. 9 லீற்றர் தாங்கி 8 பார் வரை நிரம்பி, 6 பாருக்குக் குறையும்போது மோட்டார் மறுபடி ஓடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், இடையில் எமக்குக் கிடைப்பது 18 லீற்றர் காற்று. ஆணிக்கு முக்கால் லீற்றர் என்று கணக்கிட்டால் 24 ஆணிகள். "பீடிங் அடிக்கேக்கை எவ்வளவு நேரத்தில் 24 ஆணி அடிப்பியள்?" என்று கேட்டேன். அண்ணர் யோசித்துவிட்டு, "அளந்து, வெட்டி, பசை பூசி, பிடிச்சு அடிக்க... கால் மணித்தியாலம் போகும்" என்றார். அப்படியானால் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை மோட்டார் அரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடினால் போதும். அவ்வளவு காலமும் தேவைக்கு மிகவும் மேலான ஓர் இயந்திரத்தைத்தான் அவர் நான்கு மாடி தூக்கிச் சுமந்திருக்கிறார்.

இங்கே இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். கொம்பிரசர் பெட்டிகளில் நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று அச்சிடப்படுவது பல சமயங்களில் உருளைக்குள் உறிஞ்சப்படும் காற்றின் அளவே. குறித்த அழுத்தத்தில் குழாயின் முனையில் வந்து சேரும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும். வாங்குபவர் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கணக்கை. அதேபோலக் குதிரைவலு. ஒரு குதிரைவலு என்பது ஏறத்தாழ 746 வாற். 2 குதிரைவலு என்று பெட்டியில் எழுதிவிட்டு, மோட்டாரில் ஒட்டிய தகட்டில் 750 வாற் என்று காணப்பட்டால் எதை நம்புவது? தகட்டைத்தான் நம்ப வேண்டும். டெசிபல் எண்ணும் எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று சொல்லப்படாவிட்டால் பயனற்றது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். தூரத்தில் நின்று அளந்தால் எந்த இயந்திரமும் சாதுவாகத்தான் தெரியும்.

சத்தம் ஏன் ஓர் இயந்திரத்தில் கூடவும் மற்றொன்றில் குறையவும் செய்கிறது என்பதை இரண்டாவது கடையில் இருந்த வயதான தொழிலாளி ஒருவர் எமக்கு விளங்கப்படுத்தினார். மலிவான, எண்ணெய் இல்லாத சிறிய கொம்பிரசர்களின் மோட்டார் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,800 தடவைகள் சுழலும். அமைதியான ரகத்தில் அது ஏறக்குறைய 1,400 தடவைகளே சுழலும். வேகம் பாதியாகும்போது இழக்கும் காற்றை ஈடு செய்வதற்காக இரண்டு உருளைகள் வைத்திருப்பார்கள். காற்றை உறிஞ்சும் வாயில் ஒலியை அடக்கும் சிறு கூடும், அடியில் தடித்த றப்பர்க் கால்களும் இருக்கும். எண்ணெய் விடுவதில்லை என்பதால் சரித்துத் தூக்கினாலும் சிந்தாது. எண்ணெய் கலந்த காற்று மரத்தில் பட்டுக் கறையாவதும் இல்லை. ஆனால் எண்ணெய் இல்லாத உருளையின் வளையங்கள் விரைவில் தேயும். நாள் முழுவதும் ஓய்வின்றி ஓட்டினால் எண்ணெய் ரகத்தைப் போல உழைக்காது. இதை அவர் மறைக்கவில்லை. அவரிடமே வாங்குவது என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

நாங்கள் தெரிவு செய்தது 9 லீற்றர் தாங்கியும் 750 வாற் மோட்டாரும் கொண்ட ஒன்று. நிறை 16 கிலோ. அலுமினியத் தாங்கி கொண்டது இன்னும் பாரம் குறைவு, உள்ளே துருப்பிடிக்காது. ஆனால் எங்கள் கைக்கு எட்டிய விலையில் உருக்குத் தாங்கிதான் இருந்தது. அதுவே சாதாரண இரைச்சல் ரகத்தைப் போல ஒன்றரை மடங்கு விலை. அண்ணர் தனது கன்னையும் ஒரு துண்டு மஹோகனிப் பலகையையும் பையில் கொண்டு வந்திருந்தார். ஓட்டிக் காட்டும்படி கேட்டோம்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று பக்கத்தில் நிற்பது போன்ற முனகல். அண்ணர் குனிந்து பார்த்தார். பிறகு அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, சத்தத்தைக் காணேல்லையே. உது வேலை செய்யுமோ?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாற்பது வருடங்களாக இயந்திரம் என்றால் இரைய வேண்டும் என்றே பழகிய மனிதர் அவர். இரைச்சல் இருந்தால் வலு இருக்கிறது என்று கைகள் நம்பிவிட்டன. எனக்கும் அது புதிதல்ல. இரவில் அச்சியந்திரம் இரையத் தொடங்கினால்தான் நாளைய பத்திரிகை உண்டு என்ற நிம்மதி எமக்கு வரும். அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருபது வருடங்கள் நின்ற தொழிலாளர்களோடு உரக்கக் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது என்பதை அந்த நாட்களில் நாங்கள் பகிடியாக மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

அண்ணர் பலகையில் வரிசையாக ஆணி அடித்தார். ஒவ்வோர் ஆணியின் தலையும் மரத்துக்குள் ஒரே அளவாக இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இருபத்திரண்டாவது ஆணியில் மோட்டார் தானாக ஓடி, இருபது வினாடிகளில் நின்றது. "சரி, காணும்" என்றார்.

ஆனால் ஓர் ஆசையை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அதே இயந்திரத்தால் அலுமாரிகளுக்கு வார்னிஷ் ஸ்பிறேயும் அடிக்கலாம் என்று எண்ணியிருந்தார். ஆணி அடிக்கும் கன் இடையிடையே ஒரு மிடறு காற்றைக் குடிக்கும் கருவி. ஸ்பிறே கன் இடைவிடாமல் குடிப்பது. நிமிடத்துக்கு 150 லீற்றருக்குக் குறையாமல் அது கேட்கும். பெரியவை 300 லீற்றரையும் தாண்டும். இந்தச் சிறிய இயந்திரத்தில் அதை மாட்டினால் அழுத்தம் விழுந்து பூச்சுத் திட்டுத் திட்டாகும். மோட்டாரும் ஓய்வின்றி ஓடிச் சூடேறும். மணல்தாள் பிடிக்கும் காற்றுக் கருவியும் அப்படித்தான். எனவே பழைய 24 லீற்றர் இயந்திரத்தை விற்காமல் வத்தளையில் உள்ள அவரது கொட்டிலில் வைத்துக்கொண்டு, ஸ்பிறே வேலையை இடைவெளி விட்டு, சிறு பாகங்களாக அங்கேயே முடித்துக்கொண்டு வருவது என்று முடிவாயிற்று.

மறுநாள் செயலாளரை அழைத்து வந்து ஓட்டிக் காட்டினோம். எனது செயலி ஒரு மீற்றரில் 65 என்று காட்டியது. 88க்கும் 65க்கும் இடையில் வெறும் 23 தானே என்று நினைக்கக்கூடாது. பத்து டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியாகக் கேட்கும். மேலும் பத்துக் குறைந்தால் காற்பங்கு. அவர் கீழ்வீட்டுக்குப் போய் நின்று கேட்டுவிட்டு வந்து, காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை வேலை செய்யலாம் என்றார். அரம் பூட்டிய வட்ட வாளை மட்டும் மேலே ஓட்டக்கூடாது, பலகைகளை வெளியில் வெட்டிக்கொண்டு வர வேண்டும் என்பது நிபந்தனை. நியாயமானதே. இயந்திரத்துக்கு அடியில் பழைய கம்பளத் துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போட்டோம். கூடத்தில் இருந்த மின்பிளக்கிலிருந்து அறை வரை நீண்ட மெல்லிய வயரை இழுப்பதற்குப் பதிலாக, கொம்பிரசரைப் பிளக்கின் அருகில் வைத்து காற்றுக் குழாயை நீளமாக்கினோம். வயர் நீண்டால் மின்னழுத்தம் குறைந்து, மோட்டார் தொடங்கத் திணறிச் சூடேறும் என்பது அண்ணர் அனுபவத்தில் அறிந்தது.

அந்த முதல் நாளில்தான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது.

தாங்கி நிரம்பி மோட்டார் நின்றது. அறையில் அமைதி. எங்கோ மிக மெல்லிய சீறல் ஒன்று கேட்டது. குழாயைப் பொருத்தும் இணைப்பில் காற்றுக் கசிகிறது. "மாமா, லீக் ஒண்டு இருக்கு" என்றான் மருமகன். எனக்கும் தெளிவாகக் கேட்டது. அண்ணர், "எங்கை? எனக்குக் கேக்கேல்லையே" என்றார். அருகில் வரச் சொன்னோம். இணைப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில் காதை வைத்தார். கேட்கவில்லை. மற்றக் காதை வைத்தார். தலையை ஆட்டினார். பழைய இயந்திரம் ஓடிய காலத்தில் இப்படி ஒரு சீறலை எவருமே கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே எவருக்கு அது கேட்காது என்பதும் தெரியாமலே போயிருந்தது.

சாப்பாட்டு மேசையில் எப்போதும் ஒரு பக்கமாகத் திரும்பி உட்காருவதும், தொலைக்காட்சியை ஊருக்கே கேட்கும்படி வைப்பதும், பேரப்பிள்ளை சொல்வதை மீண்டும் மீண்டும் கேட்பதும் வயதின் இயல்பு என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். வற்புறுத்திக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். உயர்ந்த சுருதியில் உள்ள ஒலிகள் இரண்டு காதுகளிலும் வெகுவாக விழுந்துவிட்டன, நீண்டகால இரைச்சலால் ஏற்படுவது இப்படித்தான் இருக்கும், போனது திரும்பி வராது, இனிப் போகாமல் காக்கலாம் என்றார் வைத்தியர். நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபல் என்பதே அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் பரிந்துரைக்கும் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கத்தக்க நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணித்தியாலம். 91 என்றால் இரண்டு. 94 என்றால் ஒன்று. ஏழு வருடங்களாக அண்ணருக்குப் பக்கத்தில் இருந்தது அந்த 88. வாளும் கன்னும் அதைவிட உரத்தவை.

இந்தக் கடைசி வசனத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமைதியான கொம்பிரசர் வாங்கிவிட்டால் வேலைத்தலம் அமைதியாகிவிடாது. கன் ஒவ்வொரு தடவையும் வெடிக்கும்போது எழும் ஒலி எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் காதுக்குக் கேடானது. எனவே கொம்பிரசரோடு சேர்த்து காதுமூடிகள் இரண்டும் வாங்கினோம். பழைய இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அவை ஒன்றுமே இல்லை. ஏழு வருடங்களில் ஒருவரும் அதை வாங்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரப்பதன் நீராகித் தாங்கியின் அடியில் தேங்கும். கொழும்பின் கடற்கரைக் காற்றில் அது ஒரு நாளிலேயே கணிசமாகச் சேரும். வேலை முடிந்ததும் அடியிலுள்ள திருகைத் திறந்து நீரை வெளியேற்றாவிட்டால் உருக்குத் தாங்கி உள்ளிருந்தே துருப்பிடித்து மெலிந்துபோகும். அமுக்கிய காற்றை அடைத்து வைத்திருக்கும் மெலிந்த தாங்கி ஆபத்தானது. அண்ணர் இதை ஒரு நாளும் தவறவிடுவதில்லை.

கொம்பிரசர் வாங்க எண்ணும் தச்சர்கள் எவராவது இதை வாசிக்க நேர்ந்தால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் கன்னையும் நீங்கள் பாவிக்கும் பலகையில் ஒரு துண்டையும் கடைக்குக் கொண்டு போங்கள். பெட்டியைப் படிக்காமல் மோட்டார்த் தகட்டைப் படியுங்கள். எத்தனை ஆணிக்கு ஒருமுறை மோட்டார் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதைத் தூக்கிக்கொண்டு கடையின் படியில் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். ஸ்பிறே அடிக்க வேண்டுமென்றால் இந்த ரகத்தை வாங்காதீர்கள்.

வெள்ளவத்தையில் முதல் வீடு நவம்பர் நடுப்பகுதியில், பரீட்சை தொடங்குவதற்கு முன்னரே முடிந்தது. அடுத்த இரண்டும் 2025 மார்ச்சில் முடிந்தன. கடைசி நாளன்று போயிருந்தேன். மருமகன் தலையில் காதுமூடியை மாட்டிக்கொண்டு பீடிங் அடித்துக்கொண்டிருந்தான். கன்னைக் கீழே வைத்து மூடியைக் கழற்றியதும் அவன், "மாமா, திரும்பவும் சீறுது" என்றான். அண்ணர் எதுவும் சொல்லாமல் ஒரு கிண்ணத்தில் சவர்க்காரத் தண்ணீர் கரைத்து எடுத்து, குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் தூரிகையால் தடவிக்கொண்டு வந்தார். மூன்றாவது இணைப்பில் குமிழ்கள் எழுந்தன.

"நீ காதாலை கேள், நான் கண்ணாலை பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, திருகியை எடுத்து இறுக்கத் தொடங்கினார்.